ஒருக்களித்துப் படுக்கும் மெலிந்த உடலுக்கு ஏற்ற மெத்தை

ஒருக்களித்துப் படுக்கும்போது உடலின் பாரம் ஒரு பக்கத்து மேடுகள் சிலவற்றின்மேல் இறங்குகிறது. தோள்பட்டை, இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் தொடை எலும்பின் மேல்முனை, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால் ஆகியவை அந்த மேடுகள். மல்லாந்து படுப்பவருக்கு முதுகும் பிட்டமும் தொடையும் சேர்ந்து தரும் அகலமான பரப்பு ஒருக்களித்தவருக்குக் கிடைப்பதில்லை. விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள குழிவோ மெத்தையைத் தொடாமலேகூட நின்றுவிடும். ஆகவே மெத்தைக்கு இங்கே இரண்டு வேலைகள். மேடுகளை உள்ளே இறங்க விட வேண்டும். குழிவுக்கு அடியில் எழும்பி வந்து தாங்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் காலையில் எழும்போது வலி இருக்கும்.

மெலிந்தவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வேலைதான் தவறிப்போகிறது. மெத்தை அமுங்குவது அதன்மேல் விழும் பாரத்தால். 80 கிலோ எடையுள்ளவரை நன்றாக உள்வாங்கிக்கொள்ளும் மெத்தை, 48 கிலோ எடையுள்ளவரை மேற்பரப்பிலேயே நிறுத்திவிடுகிறது. இருவரும் படுத்தது ஒரே மெத்தை. ஒருவர் அதை மெத்தென்று இருக்கிறது என்பார், மற்றவர் கட்டை என்பார். இரண்டும் உண்மை. அதோடு மெலிந்த உடலில் எலும்பை மூடியிருக்கும் சதையும் கொழுப்பும் குறைவு. பாரம் குறைவாக இருந்தாலும் அது இறங்கும் இடமும் சிறியது என்பதால், இடுப்பெலும்பின் மேட்டில் விழும் அழுத்தம் எடையைப் போலக் குறைந்துவிடுவதில்லை. அழுத்தம் பட்ட இடத்தில் இரத்த ஓட்டம் மட்டுப்பட்டதும் உடல் தானாகவே மறுபக்கம் திரும்பும். இரவு முழுவதும் இப்படிப் புரண்டுகொண்டே இருப்பவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் களைப்பாகவே எழுந்திருப்பார்.

இந்த அத்தியாயத்தில் மெலிந்தவர் என்று குறிப்பிடப்படுவது ஏறத்தாழ 60 கிலோவுக்கு உட்பட்ட எடை உள்ளவர்களை. உயரமும் உடல்வாகும் சேர்த்துப் பார்க்க வேண்டியவைதான் என்றாலும், மெத்தையைப் பொறுத்தவரை முதலில் கணக்கில் வருவது எடையே.

கடினமே நல்லது என்ற எண்ணம்

முதுகுவலி என்று சொன்ன மாத்திரத்தில் “கெட்டியான மெத்தையில் படுங்கள், முடிந்தால் தரையில் பாயை விரித்துப் படுங்கள்” என்ற யோசனை வீட்டிலும் கடையிலும், சில மருத்துவமனைகளிலும்கூடக் கிடைக்கும். இந்த யோசனை ஒரு காலத்துக்குப் பொருந்தியது. தளர்ந்துபோன கயிற்றுக் கட்டிலிலும், நடுவில் குழி விழுந்த பஞ்சு மெத்தையிலும் படுத்தவருக்கு முதுகெலும்பு வளைந்தபடியே இரவெல்லாம் கிடந்தது. அவருக்குச் சமதளம் நிவாரணம் தந்தது. அங்கே உதவியது தளம் சமமாக இருந்ததுதான், கடினமாக இருந்தது அல்ல. நாளடைவில் இரண்டும் ஒன்றென்று ஆகிவிட்டன.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகு வலி இருந்த 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கடினமான மெத்தையும், மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினம் உள்ள மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் கவனித்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குப் படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. அன்றாட வேலைகளில் இருந்த சிரமமும் அவர்களுக்கே அதிகம் குறைந்தது. அந்த ஆய்வு மெலிந்தவர்களையோ ஒருக்களித்துப் படுப்பவர்களையோ தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடினமே மருந்து என்ற நம்பிக்கைக்கு அதன்பிறகு ஆதாரம் இல்லாமல் போனது. சராசரி எடை உள்ளவருக்கே நடுத்தரம் போதும் என்றால், 50 கிலோ எடையோடு ஒருக்களித்துப் படுப்பவர் அதைவிட ஒரு படி மென்மையான பக்கம்தான் போக வேண்டும்.

மெத்தைகளுக்கு 1 முதல் 10 வரை எண் கொடுத்து விற்பதும் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. மேற்சொன்ன ஆய்வில் பயன்பட்ட ஐரோப்பிய அளவில் 1 மிகக் கடினம், 10 மிக மென்மை. சந்தையில் புழங்கும் அளவு பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அதில் 10தான் மிகக் கடினம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்று கேட்காமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சந்தை அளவின்படி மெலிந்த, ஒருக்களித்துப் படுக்கும் ஒருவருக்கு 4ஐ ஒட்டிய மெத்தையிலிருந்து தேடத் தொடங்கலாம். கடைகளில் ‘ஆர்த்தோ’ என்று எழுதி விற்கப்படுபவை பெரும்பாலும் கடின வகையைச் சேர்ந்தவை. அந்தப் பெயருக்கென்று மருத்துவ வரையறை எதுவும் கிடையாது.

வலி இருக்கும் இடம்

எந்த மெத்தை என்று முடிவு செய்வதற்கு முன்னால் வலி எங்கே, எப்போது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இடுப்பின் வெளிப்பக்கத்தில், விரலை வைத்துக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி இருந்து, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் கலைகிறது என்றால், தொடை எலும்பின் மேல்முனையை ஒட்டியுள்ள தசைநாண்கள் நைந்தோ அங்குள்ள நீர்ப்பை வீங்கியோ இருக்கலாம். 40 முதல் 60 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. வலிக்காத பக்கமாகத் திரும்பிப் படுத்தாலும் இவர்களுக்கு முழு நிம்மதி கிடைப்பதில்லை. மேலே இருக்கும் கால் முன்பக்கம் சரிந்து, வலிக்கும் இடத்துத் தசைநாணை இழுத்துப் பிடிப்பதே காரணம். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளும் தலையணை ஒன்றை இரு கால்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் அந்த இழுப்பு நிற்கும். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கி, தொடை மறுபடியும் திருகிக்கொள்ளும். மேல்பரப்பு மென்மையாக இருக்க வேண்டிய தேவை எல்லோரையும்விட இவர்களுக்கே அதிகம்.

தோள்வலி சற்று வேறுபட்டது. சர்க்கரை நோயாளிகளிடம் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிடக் கூடுதல். இறுகிய தோளின்மேல் படுக்கவே கூடாது. ஆனால் மறுதோள் இரவு முழுவதும் தனியாகப் பாரத்தைச் சுமக்கிறது. தோள் இறங்கும் அளவுக்கு மெத்தை இடம் கொடுக்காவிட்டால் சில மாதங்களில் அதுவும் வலிக்கத் தொடங்கலாம். வலிக்கும் கையை நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணையை அணைத்தபடி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கீழ்முதுகு வலியில் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. இங்கே மெத்தை கடினமாக இருந்தாலும் வலிக்கும், அளவுக்கு மீறிக் குழைந்தாலும் வலிக்கும். இடை ஒடுங்கி இடுப்பு அகன்ற உடல்வாகு உள்ள பெண்களுக்குக் கடின மெத்தையில் இடைக்கு அடியில் பெரிய இடைவெளி விழுகிறது. தாங்குவார் இல்லாமல் முதுகெலும்பு அந்தப் பள்ளத்தை நோக்கி வளைகிறது. ஒரு சிறிய துண்டைச் சுருட்டி அந்த இடைவெளியில் வைத்து இரண்டு இரவுகள் படுத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். வலி குறைந்தால் மெத்தை போதிய அளவு உள்வாங்கவில்லை என்று பொருள்.

கை மரத்துப்போவது மெத்தையால் மட்டும் வருவதல்ல. தலையணைக்கு அடியில் கையை நுழைத்துப் படுக்கும் பழக்கமும், தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கி வைப்பதும் அதற்குக் காரணமாகலாம். மெத்தையை மாற்றும் முன் இவற்றை மாற்றிப் பார்ப்பதில் செலவு ஏதுமில்லை.

நேரமும் ஒரு தடயம். காலையில் இருக்கும் வலி, எழுந்து நடமாடிய அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டால் மெத்தையின்மேல் சந்தேகப்படலாம். உறவினர் வீட்டிலோ வெளியூர் விடுதியிலோ படுத்தால் வலி இல்லாமல் எழ முடிகிறது என்றால் சந்தேகம் உறுதியாகிறது. பகல் முழுவதும் ஒரே மாதிரி நீடிக்கும் வலிக்குக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

வாங்கும் முன் வீட்டில் ஒரு சோதனை

இருக்கிற மெத்தையின்மேல் கனத்த போர்வைகளையோ ரஜாயையோ இரண்டு மூன்று மடிப்பாகப் போட்டு, நான்கைந்து இரவுகள் படுத்துப் பார்க்க வேண்டும். மடிப்புகள் முழு உடலுக்கும் வர வேண்டும், இடுப்புக்கு மட்டும் போட்டால் அங்கே மேடாகிவிடும். வலியும் புரளுவதும் கொஞ்சமாவது குறைந்தால், அந்த உடலுக்குத் தேவை மென்மையான மேலடுக்கு என்பது புலப்பட்டுவிடும். மாற்றமே இல்லை, அல்லது கூடிவிட்டது என்றால் மெத்தையின் நடுவில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளமான அளவுகோலையோ இழுத்துப் பிடித்த நூலையோ மெத்தையின் குறுக்கே வைத்தால் குழியின் ஆழம் தெரியும்.

இன்னொரு சோதனைக்குத் துணைக்கு ஒருவர் வேண்டும். முதுகெலும்பின் முடிச்சுகள்மேல், கழுத்தடியில் தொடங்கி இடுப்பு வரை, உடையின்மேலேயே ஐந்தாறு ஒட்டும் பொட்டுகளை வரிசையாக ஒட்டிவிட்டு, வழக்கமான தலையணையோடு ஒருக்களித்துப் படுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, உடல் தளர்ந்த பிறகு, மெத்தை மட்டத்திலிருந்து முதுகுப்பக்கமாகக் கைபேசியில் படம் எடுக்க வேண்டும். பொட்டுகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் படுக்கைக்கு இணையாக இருந்தால் மெத்தையும் தலையணையும் பொருந்துகின்றன. நடுப்பொட்டுகள் கீழே தொங்கினால் இடைக்குத் தாங்கல் இல்லை. தோளும் இடுப்பும் போதிய அளவு இறங்காதபோது மெலிந்தவர்களிடம் பெரும்பாலும் தெரிவது இதுதான். இடுப்புப் பக்கத்துப் பொட்டுகள் மட்டும் சரிந்து இறங்கினால் மெத்தை அங்கே தளர்ந்துவிட்டது. கழுத்துப் பொட்டு மட்டும் விலகினால் தலையணையைத்தான் மாற்ற வேண்டும். புதிய மெத்தையிலும் இதே படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடர்த்தி வேறு, மென்மை வேறு

ஃபோம் கடைகளில் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று சொல்வார்கள். ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை 32 கிலோ, 40 கிலோ என்பது அதன் பொருள். எண் கூடக்கூட ஃபோம் நெடுநாள் உழைக்கும். ஆனால் அது கடினமா மென்மையா என்பதை இந்த எண் சொல்லாது. ஒரே 40 அடர்த்தியில் மெத்தென்ற ஃபோமும் செய்யலாம், கட்டியான ஃபோமும் செய்யலாம். “முதுகுவலிக்கு டென்சிட்டி அதிகமாகப் போடுங்கள்” என்ற வியாபாரப் பேச்சு இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறது. மெலிந்தவருக்கு வேண்டியது அடர்த்தி கூடிய, மென்மையான ஃபோம். அடர்த்தி குறைந்த மென்மையான ஃபோம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் விரைவில் குழி விழுந்துவிடும்.

மென்மையை அளக்கத் தொழிற்சாலைகளில் ஐஎல்டி என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். 4 அங்குல கனமுள்ள ஃபோம் துண்டின்மேல் 50 சதுர அங்குலப் பரப்புள்ள வட்டத் தகட்டை வைத்து, கனத்தில் கால்பங்கு, அதாவது ஓர் அங்குலம், அமுக்குவதற்கு எத்தனை பவுண்டு பாரம் தேவை என்பதே அந்த எண். ஐஎல்டி 36 உள்ள ஃபோமை அமுக்க 36 பவுண்டு, அதாவது 16 கிலோவுக்கு மேல் வேண்டும். 48 கிலோ எடையுள்ளவரின் தோளோ இடுப்போ தனியாக அத்தனை பாரத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. ஐஎல்டி 18 என்றால் 8 கிலோ போதும். எனவே உடலைத் தொடும் மேலடுக்கின் ஐஎல்டி 20க்குள் இருப்பது மெலிந்தவருக்கு ஏற்றது. நம் ஊர்க் கடைகளில் இந்த எண்ணைக் கேட்டால் பல இடங்களில் பதில் கிடைக்காது. தயாரிப்பாளரிடமே நேரடியாக ஆர்டர் கொடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

மேலடுக்கு மென்மையாக இருந்தால் மட்டும் போதாது. முழு மெத்தையும் குழைவாக இருந்தால் இடுப்பு ஆழமாகப் போய் முதுகு தொய்ந்துவிடும். மேலே 2 அல்லது 3 அங்குலம் மென்மை, கீழே 4 முதல் 6 அங்குலம் உறுதி என்ற அடுக்குமுறையே மெலிந்த, ஒருக்களித்துப் படுக்கும் உடலுக்குச் சரியான அமைப்பு. எந்த வகை மெத்தையைப் பார்த்தாலும் இந்த அடுக்குமுறை அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

மெத்தை வகைகள்

இலவம் பஞ்சு மெத்தை புதிதாக இருக்கும்போது மெலிந்த உடலுக்கு மிக இதமானது. காற்றோட்டம் உண்டு, சூடேறாது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இதற்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் தோளும் இடுப்பும் படும் இடங்களில் பஞ்சு சில மாதங்களில் அமுங்கி இறுகிவிடும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு அந்த இடங்கள்தான் முக்கியம். அடிக்கடி வெயிலில் காயவைத்து, தலைமாடு கால்மாடாக மாற்றிப் போட்டு, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பஞ்சைப் பிரித்து அடித்து மறுபடி அடைக்க ஆள் கிடைக்கும் ஊர்களில் இது இன்றும் நல்ல மெத்தையே. அப்படி ஆள் கிடைக்காத நகரங்களில் இதை நம்பி இறங்க முடியாது.

தென்னை நாரில் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திச் செய்யும் காயர் மெத்தை தமிழ்நாட்டு வீடுகளில் மிகப் பரவலானது. காற்றோட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 4 அங்குல காயர் மெத்தையைப் பிளைவுட் பலகையின்மேல் போட்டுப் படுப்பது, இந்த அத்தியாயத்தில் பேசப்படும் உடலுக்குத் தரையில் படுப்பதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. பல வீடுகளில் வலிக்குக் காரணம் இதுவே. துண்டு ஃபோம்களை அரைத்து ஒட்டி அழுத்திச் செய்யும் ரீபாண்டட் ஃபோமும் இப்படித்தான். அடித்தளத்துக்கு மட்டும் உதவும்.

இந்த இரண்டையும் தூக்கிப் போடத் தேவையில்லை. காயர் மெத்தை குழி விழாமல் சமமாக இருந்தால், அதன்மேல் 2 அல்லது 3 அங்குல லேடெக்ஸ் அல்லது மென்மையான ஃபோம் டாப்பர், அதாவது மெத்தைமேல் விரிக்கும் மேலடுக்கு, ஒன்றை விரித்தாலே முன்பு சொன்ன அடுக்குமுறை கிடைத்துவிடுகிறது. செலவும் புதிய மெத்தையைவிடக் குறைவு. பெரும்பாலான மெலிந்தவர்களுக்கு முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான். புது மெத்தை அதற்கு அடுத்த படி. குழி விழுந்த மெத்தையின்மேல் மட்டும் டாப்பர் போடக் கூடாது. குழி மேலேயும் அப்படியே வந்துவிடும்.

லேடெக்ஸ் ரப்பர் பாலை நுரைக்கவைத்துச் செய்யப்படுவது. 1929இல் டன்லப் நிறுவனத்தில் உருவான முறையே இன்றும் பரவலாகப் புழங்குகிறது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் விளைவதால் மூலப்பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. அழுத்திய இடம் மட்டும் அமுங்கி, கையை எடுத்ததும் உடனே நிமிரும் குணம் இதற்கு உண்டு. வலியோடு படுப்பவருக்கு இது பெரிய உதவி. மறுபக்கம் திரும்பும்போது மெத்தையே தூக்கிக்கொடுக்கும், உடலை இழுத்துப் பிடிக்காது. வெப்பமும் தேங்குவதில்லை. ‘இயற்கை லேடெக்ஸ்’ என்ற பெயரில் செயற்கை ரப்பர் கலந்தவையும் விற்கப்படுவதால், கலப்பு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முழு லேடெக்ஸ் மெத்தை மிகக் கனமானது. 78க்கு 60 அங்குல அளவில் 6 அங்குல மெத்தையே 30 கிலோவைத் தொடும். தனியாக வசிக்கும் முதியவர் அதைத் தூக்கித் திருப்ப முடியாது. பஞ்சு மெத்தையைப் போல இதை வெயிலில் போடவும் கூடாது. வெயில் பட்டால் ரப்பர் நைந்து பொடியும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கென உருவாக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனிலிருந்து மெத்தையாக விற்பனைக்கு வந்தது. உடற்சூட்டில் இளகி உடலின் வடிவத்துக்கு வளைந்துகொடுப்பதால் எலும்பு மேடுகளில் அழுத்தத்தைக் குறைப்பதில் இதற்கு ஈடு குறைவு. இடுப்பின் வெளிப்பக்க வலி உள்ள மெலிந்தவர்கள் பலர் இதில்தான் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கியதாகச் சொல்வார்கள். குறைகளும் உண்டு. சென்னை, மதுரை போன்ற ஊர்களின் கோடையில் முதுகுப்பக்கம் வேர்த்துக் கொட்டும். ஏசி அறையில் குளிர்ந்ததும் ஃபோம் இறுகும். உதகை, கொடைக்கானல் குளிரிலும் அப்படியே. கனத்த உடலின் சூடும் பாரமும் அதைச் சீக்கிரம் இளக்கிவிடும், மெலிந்தவருக்கோ நேரம் பிடிக்கும். மெதுவாக நிமிரும் ஃபோம் என்பதால் திரும்பிப் படுக்கும்போது குழியிலிருந்து ஏறி வருவது போன்ற உணர்வு இருக்கும். தோள்வலியும் மூட்டுவலியும் உள்ளவர்களுக்கு அது சிரமம். மேலே 2 அங்குலத்துக்கு மட்டும், 50க்குக் குறையாத அடர்த்தியில் இருந்தால் நன்மை கிடைக்கும், தொல்லை மட்டுப்படும்.

சாதாரண பாலியூரித்தேன் (பியூ) ஃபோமில் ஒரு பக்கம் மென்மையும் மறுபக்கம் கடினமும் உள்ள ‘டூயல்’ மெத்தைகள் சிக்கனமானவை. மென்மையான பக்கத்தில் படுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஸ்பிரிங் மெத்தையில் கம்பிகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் பான்னல் வகை மெலிந்தவருக்குப் பயன்படாது. ஓரிடத்தில் அழுத்தினால் பக்கத்துக் கம்பிகளும் சேர்ந்து எதிர்ப்பதால் தோள் இறங்காது. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் வகையில் அந்தக் குறை இல்லை. அதிலும் மேலே மென்மையான அடுக்கு எத்தனை அங்குலம் என்பதுதான் கேள்வி.

கட்டில், உறை, தலையணை

மெத்தையின் குணத்தை அதற்கு மேலும் கீழும் இருப்பவை மாற்றிவிடும். நல்ல மென்மையான மெத்தையை வாங்கிவிட்டு, அதன்மேல் இழுவை இல்லாத கனத்த ரெக்சின் உறையை இறுக்கிப் போட்டால் மேற்பரப்பு தோல் போர்த்திய பறையைப் போல விறைத்துவிடும், தோள் இறங்காது. நீர் புகாத உறை தேவை என்றால் நீளக்கூடிய பின்னல் துணியில் வாங்க வேண்டும். பலகை இடைவெளிகள் அகலமாக உள்ள கட்டிலில் ஃபோமும் லேடெக்ஸும் சந்துகளில் பிதுங்கிக் கெடும். இடைவெளி 3 அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

மெலிந்தவருக்கு 10, 12 அங்குல மெத்தை தேவையில்லை. 6 முதல் 8 அங்குலம் தாராளம். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம், ஓரத்தில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் படியும்படி இருந்தால் எழுவது எளிது. தச்சர் செய்த பழைய கட்டில்களின் உள்ளளவு கடை அளவோடு ஒத்துப்போவதில்லை என்பதால் டேப் வைத்து அளந்துகொண்டே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

கணவன் 85 கிலோ, மனைவி 50 கிலோ என்றால் ஒரே மெத்தை இருவருக்கும் பொருந்துவது அரிது. வழக்கமாகக் கனத்தவருக்குப் பிடித்த கடின மெத்தையே வீட்டுக்கு வருகிறது. வலியைச் சுமப்பவர் மற்றவர். 72 அங்குல அகலக் கட்டிலில் 36 அங்குல மெத்தைகள் இரண்டை, உயரம் ஒன்றாகவும் மென்மை வேறாகவும் வாங்கி அருகருகே போட்டு ஒரே விரிப்பால் மூடிவிடலாம். இதற்குத் தயங்கவே கூடாது.

தலையணையின் உயரம் காதுக்கும் தோளின் வெளி விளிம்புக்கும் உள்ள தூரத்தை நிரப்ப வேண்டும். மெலிந்தவருக்கு அந்தத் தூரம் குறைவு என்பதால் தடித்த தலையணை கழுத்தை மேல்நோக்கி மடக்கிவிடும். மெத்தை மென்மையானதும் தோள் உள்ளே இறங்குவதால் தலையணையும் இன்னும் தாழ வேண்டும். புது மெத்தை வந்த வாரத்தில் கழுத்து வலித்தால் மெத்தையைத் திருப்பி அனுப்பும் முன் தலையணையைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

கடையிலும் அதன் பிறகும்

உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து மெத்தை வாங்கக் கூடாது. கையின் பாரத்துக்கும் இடுப்பின் பாரத்துக்கும் தொடர்பில்லை. உட்கார்ந்து பார்ப்பதும் பயன்படாது. வீட்டுத் தலையணையை எடுத்துச் சென்று, வலிக்கும் பக்கம் கீழே வரும்படி ஒருக்களித்து, குறைந்தது 15 நிமிடம் படுத்திருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் எல்லா மெத்தையும் சுகமாகத்தான் இருக்கும். இடுப்பெலும்பு உறுத்தத் தொடங்குவது அதன் பிறகே. இடைக்கு அடியில் உடன் வந்தவரின் கை தாராளமாக நுழைந்தால் மெத்தை கடினம். கையே நுழையாமல் இடுப்பு ஆழ்ந்து போயிருந்தால் அளவுக்கு மீறிய மென்மை. சற்று முயன்றால் நுழையும் அளவே சரி. கடைக்காரர் முன்னால் படுக்கக் கூச்சப்பட்டுப் பலர், குறிப்பாகப் பெண்கள், இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். பத்து ஆண்டுகள் படுக்கப்போகும் பொருளுக்குக் கூச்சம் வேண்டாம். சுடிதாரோ பேன்ட்டோ அணிந்து சென்றால் இன்னும் வசதி.

இணையத்தில் வாங்கினால் பல நிறுவனங்கள் வீட்டில் சில வாரங்கள், சிலர் 100 இரவுகள்வரை படுத்துப் பார்க்க அவகாசம் தருகிறார்கள். திருப்பி எடுக்கும் செலவு யாருடையது, பணம் முழுதாகத் திரும்புமா, கட்டில் அளவுக்கு வெட்டிச் செய்த மெத்தைக்கும் அது பொருந்துமா என்பவற்றை முன்பே படித்துக்கொள்ள வேண்டும். உத்தரவாதம் என்பது வேறு. அது குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் குழி விழுந்தால் மட்டுமே செல்லும். வலிக்கிறது என்பது அதில் வராது, கறை பட்ட மெத்தையை ஏற்க மறுப்பதும் உண்டு. முதல் நாளிலிருந்தே உறை போட்டு வைப்பது இதற்காகவும்தான்.

புது மெத்தைக்கு உடல் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஃபோமும் அதற்குள் கொஞ்சம் இளகும். அந்த வாரங்களில் எழும்போது வலி எப்படி இருந்தது என்று தினமும் ஒரு வரி குறித்து வைத்தால் முடிவெடுப்பது சுலபம். பழைய மெத்தையைச் சோதனைக் காலம் முடியும்வரை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது.

ஆறு வாரம் ஆகியும் மாற்றம் இல்லையென்றால் காரணம் மெத்தையாக இருக்க வாய்ப்புக் குறைவு. எப்படிப் படுத்தாலும் தணியாத இரவு வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, காலில் மரத்துப்போதலோ பலவீனமோ, சிறுநீர் மலம் கழிப்பதில் மாற்றம், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் மூட்டு இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் ஆறு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மெலிந்தவர்களில் சிலர் அண்மையில்தான் மெலிந்திருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இத்தகையோர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெத்தை வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.